ஒரு ஷாட் பாக்கி

தென்காசியில் முத்தாரம்மன் கோயில் சந்தில் ஒரு சேலை இரண்டு பொங்கல் தாண்டியும் காயாமல் கொடியிலேயே கிடந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சந்தில் குடியிருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள், "ஆமா, அது ஆவுடை சேலை, பச்சைக் கரை போட்டது" என்று சொல்லிவிட்டு அடுப்பில் வைத்ததைப் பார்க்க உள்ளே போய்விடுவார்கள்.

அந்தக் கொடிக்கு நேர் எதிரில் பெரிய ஜன்னல் வைத்த வீடு உலகம்மாளுடையது. சினிமாக்காரர்கள் அந்த ஜன்னலைப் பார்த்து ஆசைப்பட்டு வீட்டைக் கேட்டபோது அவள் முடியாது என்றுதான் சொன்னாள், ஏனென்றால் அவள் புருஷன் குத்தாலிங்கம், மின்வாரியத்தில் கம்பத்துக்குக் கம்பம் ஏறி இறங்கி ஓய்வு பெற்ற மனுஷன், ஈரல் கெட்டுப்போய் முன்னறைச் சாய்வு நாற்காலியில் கிடந்தார். பாளையங்கோட்டையில் டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா, ஆசைப்பட்டதைக் குடுங்க, கார்த்திகை தாண்டுறது கஷ்டம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்போது ஐப்பசி பிறந்திருந்தது. மகன் கோயம்புத்தூரிலும் மகள் தூத்துக்குடியிலும் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டில் இவர்கள் இருவரும் சுவரில் மாட்டியிருந்த உலகம்மன் படமும்தான். ஆனால் குத்தாலிங்கம், "வரட்டும்ளா, நாலு ஆள் சத்தம் கேட்டா எனக்கும் பொழுது போகும்லா" என்றார். அவர் கேட்டு அவள் இல்லையென்று சொல்கிற காலம் முடிந்துபோயிருந்தது.

அப்படித்தான் டைரக்டர் சேந்தன் அந்த வீட்டுக்குள் வந்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர், தாடி வைத்தவர், சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் காது கேட்காதவர். கதை சின்னக் கதை: ஒரு பெண் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள், திரும்பி வரமாட்டாள், அப்பா உள்ளே உட்கார்ந்தபடி அவள் போவதைக் காதால் கேட்கிறார். அப்பா வேஷத்துக்குப் பேசி வைத்திருந்த நடிகருக்குக் கால் பிசகிவிட்டதால் சேந்தன் ஒரு முழு மத்தியானம் குத்தாலிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, நீங்க ஒண்ணும் நடிக்க வேண்டாம், இப்படியே இருங்க, போதும்" என்றார்.

"இப்படியே இருக்கத்தானய்யா முடியல" என்றார் குத்தாலிங்கம். யூனிட்டே சிரித்தது. உலகம்மாள் சிரிக்கவில்லை.

கடைசி நாள் அந்தப் பெண் வாசல் தாண்டுவதை முன்னறையின் உள்ளிருந்து எடுத்தார்கள். பெண்ணின் முதுகு, பக்கத்தில் நாற்காலியில் குத்தாலிங்கம், சுவரில் தினசரிக் காலண்டர், மூலையில் ஒரு பூசணிக்காய், சாமி படத்தில் காலையில் போட்ட பிச்சிச் சரம், ஜன்னல் வழியே கொடியில் ஆவுடையின் ஈரச் சேலை, அதற்குக் கீழே சுவரொட்டியைக் கடிக்க வாயைத் திறந்த ஆடு. அந்த நேரம் பார்த்து ஆவுடையின் மருமகள் செல்வி, எட்டு மாத வயிறும் இடுப்பில் குடமுமாகக் குறுக்கே நடந்து போனாள். உதவி ஆள்கள் பதறினார்கள். சேந்தன், "இருக்கட்டும், அவங்க போனதுதான் நல்லா இருக்கு" என்றார்.

பாக்கி இருந்தது அப்பா முகம் மட்டும். கேமராவை அவர் பக்கம் திருப்பிவிட்டு சேந்தன் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கவில்லை. உதவி டைரக்டர் மெதுவாகச் சொன்னான்: "சார், பொண்ணு முதுகைத்தான் எடுத்திருக்கோம். என்ன சொல்லிட்டுப் போறாங்கறதை டப்பிங்ல வெச்சுக்கலாம்."

"அவளுக்கு வெச்சுக்கலாம்ப்பா. இவருக்கு எப்படி வெச்சுப்பே? காதுல விழாததுக்கு முகம் எப்படி மாறும்?" என்றார் சேந்தன். பிறகு குத்தாலிங்கத்தின் பக்கம் திரும்பி, "பேசறவங்க முகத்துல சீன் இல்லைங்கய்யா, கேக்கறவங்க முகத்துலதான் இருக்கு. இந்தப் பொண்ணு என்ன சொல்லுவான்னு எனக்கே தெரியல. 'போறேன்'னு நம்ம ஊர்ல எந்தப் பொண்ணும் சொல்லமாட்டா. சாவு வீட்டைத் தவிர எங்கேயும் 'போயிட்டு வர்றேன்'னுதான் வாயில வரும். ஆனா இவ வரப்போறதில்லையே? அப்ப அது பொய்யாயிடுது. ரெண்டும் உதவல" என்றார்.

"அதுக்கு என்ன செய்யப் போறிய?" என்று குத்தாலிங்கம் கேட்டார்.

"வசனம் கிடைச்சதும் வர்றேன்ய்யா. இந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் வருவேன்." எழுந்து, வீட்டுக்கும் ஜன்னலுக்கும் வெளியே கூடி நின்ற சனத்துக்கும் சேர்த்து இரண்டு கையையும் உயர்த்தி, "கன்டினியூட்டி இருக்கு, நான் வர்ற வரைக்கும் எதையும் மாத்தாதீங்க, எல்லாம் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும்" என்று சொன்னார். சனம் தலையை ஆட்டியது. படப்பிடிப்பு முடிகிற நாள் உடைப்பதற்கென்று வாங்கி வைத்திருந்த அந்தப் பூசணிக்காயை உடைக்காமல் மூலையிலேயே விட்டுவிட்டு வண்டிகள் கிளம்பிப்போயின.

சனம் எவ்வளவு நாள் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மற்றவையெல்லாம் கேட்டன. மறுநாள் உலகம்மாள் பிச்சிச் சரத்தைக் கழற்றப் போனாள், அது அப்போதுதான் தொடுத்ததுபோல் இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. காலண்டரில் தாளைக் கிழித்தாள், அடியில் அதே தேதி இருந்தது. ஆடு சுவரொட்டிக்கு நேரே வாயைத் திறந்துகொண்டே நின்றது, விரட்டினால் ஓடிப்போய் மேய்ந்துவிட்டு மறுபடியும் வந்து அதே இடத்தில் அதே மாதிரி வாயைத் திறந்தது. ஆவுடை சேலையைப் பிழிந்து பிழிந்து உதறினாள், தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கார்த்திகை வந்தது, சொக்கப்பனை கொளுத்தினார்கள், கார்த்திகை போனது. குத்தாலிங்கம் அப்படியே இருந்தார். வலி கூடவில்லை, குறையவுமில்லை. கஞ்சி குடித்தார், பேப்பர் வாசித்தார், கேலி பேசினார். பிள்ளைகள் போனில், "அப்பா எப்படிம்மா இருக்காவ?" என்று கேட்டால், "அப்படியே இருக்காவ" என்று உலகம்மாள் சொன்னாள், பிள்ளைகளும் எல்லா வீட்டிலும் சொல்கிற பதில் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

தெரு இதற்குப் பழகிய விதம்தான் பெரிய அதிசயம். 'கன்டினியூட்டி' என்ற சொல் குழாயடிக்கு வந்தது, பிறகு கோயில் நடைக்கு வந்தது. பூக்காரி அந்த வீட்டுக்கு மட்டும் பூ கொடுப்பதை நிறுத்தினாள். வாங்கின கைமாற்றைத் திருப்பித் தராதவனைக் கேட்டால், "யண்ணே, அது கன்டினியூட்டில இருக்கு" என்றான். ஒருத்தி தன் மாமியாரைக் கொஞ்ச நேரம் அந்த ஜன்னல் பக்கமாக உட்கார வைத்துப் பார்த்தாள், மற்றொருத்தி தன் மாமியார் அந்தப் பக்கம் போய்விடாதபடி பார்த்துக்கொண்டாள். படம் பிடித்த அன்றைக்கு எது கேமராவுக்குள் விழுந்ததோ அது மட்டும்தான் என்பது தெரிந்தபின் எல்லோரும் அதற்குத் தகுந்தபடி நடந்துகொண்டார்கள். ஆவுடை மட்டும், "என் சேலையத்தான் பிடிச்சு வச்சிருக்கான், என் இடுப்பு வலியப் பிடிச்சு வைக்கப்படாதா, பாவி" என்று வாசலில் நின்று சொல்லுவாள்.

ஆனால் ஆவுடைக்குச் சேலை மட்டுமா நின்றது? செல்வியின் வயிறும் நின்றுபோனது. எட்டாம் மாசத்திலேயே நின்றது. அரசாங்க ஆஸ்பத்திரியில், "துடிப்பு நல்லா இருக்கு, வளர்ச்சி சரியா இருக்கு, நீதாம்மா தேதியைத் தப்பாச் சொல்லிருக்கே" என்று ஒவ்வொரு மாசமும் நர்ஸ் வைதாள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் செல்வியின் புருஷன் பிள்ளையைப் பார்க்க லீவு போட்டு வந்து, வயிற்றைப் பார்த்துவிட்டு லீவு முடிந்து திரும்பிப் போனான். பிள்ளைக்கென்று வாங்கி வந்த சின்னச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. "உள்ள என்னளா இருக்கு, யானைக்குட்டியா?" என்று குழாயடியில் யாரோ கேட்டபோது செல்வி குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

உலகம்மாள் முதலில் கும்பிட்டாள். தாயே, என் பேர்க்காரி, நீ செய்த உபகாரம் என்று காலையும் மாலையும் உலகம்மன் கோயில் பிரகாரம் சுற்றினாள். கும்பிடக் கும்பிட ஒரு பயம் வந்தது, பயத்தோடு வேறொரு வேண்டுதலும் வந்தது, அதை வாயால் சொல்லக் கூசி மனசுக்குள்ளேயே சொன்னாள்: அந்தத் தம்பிக்கு வசனம் கிடைக்காமல் இருக்கட்டும். ஒரு மனுஷனின் பிழைப்பு கெடட்டும் என்று கேட்கிற வேண்டுதல் அது என்பது அவளுக்குத் தெரியும். ஒருமுறை மேனேஜர் போன் பண்ணி வீடு அப்படியே இருக்கிறதா என்று விசாரித்தபோது, "இல்லய்யா, சுவருக்கு நீலம் அடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயைச் சாமி படத்துக்கு முன்னால் தண்ணீரால் கழுவினாள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் காவல்தான் வேலை. சந்து முனையில் எந்த வேன் திரும்பினாலும் அவள் வாசலில் நின்றாள். கல்யாண வேனுக்கு நின்றாள், கேபிள் டிவி வேனுக்கு நின்றாள், தண்ணீர் லாரிக்கும் நின்றாள். குத்தாலிங்கம் உள்ளேயிருந்து, "ஏளா, இங்க வந்து கொஞ்ச நேரம் உக்காரேன்" என்பார். "இருங்க, இந்தா வாரேன்" என்பாள். ஜன்னலுக்குத் திரை தைத்தாள், திரை போட்டால் மாறிவிடுமோ என்று அவிழ்த்தாள், தரையைத் துடைத்தாள், நாற்காலி நகர்ந்துவிட்டதோ என்று பார்த்தாள். சாயங்காலம் அவர் மறுபடியும் கூப்பிடுவார். "வாரேன், வாரேன்" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசினாலும் அது கடைசிப் பேச்சுபோல ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். கடவுள் ஒரு வருஷத்தைத் தூக்கி மடியில் போட்டார், அவள் அதை வாசற்படியில் நின்றே செலவழித்தாள்.

இரண்டாம் பொங்கலும் போன பிறகு ஒருநாள் வெயில் நேரத்தில் செல்வி வந்து அந்த வாசற்படியில் உட்கார்ந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து உலகம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். செல்வி சண்டை போடவில்லை.

"பெரியம்மா, பிள்ளை உள்ள இருந்து தட்டுது. கேட்டியளா? ராவும் பகலும் தட்டுது. 'வா மக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு வாயத் தொறக்கேன், எதுத்தாப்ல ஒங்க சன்னல் தெரியுது, பெரியப்பா தலை தெரியுது. அந்த வார்த்தை அதுக்கப்புறம் வர மாட்டேங்கு."

உள்ளே பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. குத்தாலிங்கத்துக்கு எல்லாம் கேட்டிருந்தது. அன்றைக்கு அவர் உலகம்மாளைக் கூப்பிடவில்லை.

மறுநாள் ஆவுடையை வீட்டில் காவலுக்கு வைத்துவிட்டு உலகம்மாள் ரயிலேறினாள். சென்னை சாலிகிராமத்தில் மாடியில் ஒரு அறையில் சேந்தன் இருந்தார், தாடி நரைத்திருந்தது, அறையெங்கும் கிழித்துப்போட்ட தாள்கள். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

"நீலம் அடிச்சதா மேனேஜர் சொன்னாரும்மா."

"அடிக்கலய்யா."

"தெரியும். நம்பிக்கிறது எனக்கும் வசதியா இருந்துச்சு." கீழே கிடந்த ஒரு தாளை எடுத்து மடித்தார். "எங்கப்பாவை விட்டுட்டுத்தான் சினிமாவுக்கு வந்தேன். 'போயிட்டு வர்றேன்ப்பா'ன்னு சொல்லிட்டு வந்தேன். போனேன், வரல. அவர் அதைக் கேட்டப்போ முகம் எப்படி இருந்துச்சுன்னு நான் திரும்பிப் பாக்கல. அதைத்தான் எழுதிட்டிருக்கேன். எழுத வரமாட்டேங்குது."

"எனக்குக் கதை எழுதத் தெரியாதுய்யா" என்றாள் உலகம்மாள். சேலையிலிருந்து செல்வியின் வயிறு வரைக்கும் சந்தில் நின்றுபோனதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஒரு பிள்ளை பிறக்காம காத்துக் கிடக்கு. நீங்க வந்து அவியள எடுத்துருங்க."

சேந்தன் அவளைப் பார்த்தார். அவள் என்ன கேட்கிறாள் என்பது புரிந்ததும் கையிலிருந்த தாளைக் கீழே போட்டார். "உதவி டைரக்டரா இருந்தப்போ ஒருத்தர் எனக்குச் சொன்னாரும்மா. ஒரு காட்சியை எங்க முடிக்கணும்னா, இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லா இருக்குமேன்னு உனக்குத் தோணுற இடத்துல முடின்னு. அலுத்துப்போன பிறகு முடிச்சா அது முடிவு இல்ல, நிறுத்தம்னு. அப்ப கைதட்டிக் கேட்டேன். இப்ப அதைச் சொன்னவர் மேல கோவமா வருது."

"எனக்கும் வருதுய்யா" என்றாள்.

வசனத்துக்கு என்ன செய்வது என்று அவர் கேட்டார். குத்தாலிங்கத்தின் முகத்தை எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து யாராவது ஒரு சொல் கொடுக்கவேண்டும், அதைக் கேட்டுத்தான் அவர் முகம் மாறும், படத்தில் அந்தக் குரல் இருக்காது, பிறகு எடுத்துவிடலாம் என்றார். "நானே குடுக்கேன்" என்று உலகம்மாள் சொன்னாள். திரும்பி வருகிற ரயிலில் அதைத் தயார் பண்ணிக்கொண்டே வந்தாள். போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க. நல்ல வார்த்தை, மங்களமான வார்த்தை.

வண்டி ஒன்றுதான் வந்தது. குத்தாலிங்கம் அன்றைக்கு வெள்ளனவே விழித்திருந்தார்.

"வந்துட்டாவளா?"

"வந்துட்டாவ."

"அதே சட்டையத்தான் போடணுமோ?"

"அதேதான். கன்டினியூட்டி."

"காலர் அழுக்கால்லா இருக்கும், ஒரு வருசமா நீ தொவைக்க விடலயே" என்று சொல்லிவிட்டுக் கையைச் சட்டைக்குள் நுழைத்துக் கொடுத்தார், அவள் பொத்தான் போட்டுவிட்டாள். அப்போதாவது ஏதாவது பேசியிருக்கலாம். வெளியே லைட் இறக்குகிற சத்தம் கேட்டது, "வாரேன், அவியளுக்குத் தண்ணி குடுத்துட்டு வாரேன்" என்று எழுந்துவிட்டாள்.

கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வெளிச்சம் திருப்ப வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்திருந்தான், அவளை அதற்குப் பின்னால் நிறுத்தினார்கள். பலகையின் முதுகும், அதன் ஓரத்தில் கூசுகிற விளக்கும்தான் அவளுக்குத் தெரிந்தன. புருஷன் முகம் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெருவே நின்றது, செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேந்தன், "அம்மா, நான் கையை இறக்கினதும் சொல்லுங்க" என்றார். எல்லாச் சத்தமும் அடங்கியது. கை இறங்கியது.

உலகம்மாள் வாயைத் திறந்தாள். ரயில் முழுக்கச் சொல்லி வந்த வார்த்தையில் பாதி எங்கேயோ நின்றுவிட, மீதி மட்டும் வெளியே வந்தது.

"போங்க" என்றாள்.

ஊரில் எந்தப் பொம்பளையும் புருஷனை வாசல் பார்த்துச் சொல்லாத வார்த்தை அது. தெருவில் யாரோ 'ஐயோ' என்று மூச்சுவிட்டார்கள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது, வெகுநேரம் ஓடியது, சேந்தனுக்குச் சொல்ல மனசில்லாமல் ஓடியது, பிறகு, கேட்குமா கேட்காதா என்கிற குரலில் "கட்" என்றார்.

ஆடு சுவரொட்டியைக் கிழித்துத் தின்றது. ஆவுடையின் சேலை ஒரு காற்றில் முறுமுறுவென்று காய்ந்தது. பிச்சிச் சரம் பழுப்பாகி உதிர்ந்தது. பூசணிக்காயை எடுத்து உடைக்கப் போனவனின் கையிலேயே அது கொழகொழத்துப் போனது, உடைக்க முடியவில்லை, அப்படியே வாரிக்கொண்டு போனார்கள். செல்வி கதவைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்து ஒரு கத்துக் கத்தினாள். லைட்டையெல்லாம் தெருவில் இறக்கிப் போட்டுவிட்டு, உலகம்மாள் ஒரு வருஷமாக எந்த வண்டி வரக்கூடாது என்று காவல் நின்றாளோ அந்த வண்டியிலேயே செல்வியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. நிறைந்த எடை.

அன்று சாயங்காலம் குத்தாலிங்கம் காபி கேட்டார். உலகம்மாள் ஆற்றிக் கொண்டுவந்து இந்தமுறை பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அப்படிச் சொன்னது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்க வாயெடுத்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். காபியில் ஆடை படிந்தது.

பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்து பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அந்தச் சொல் அவளை அரிக்க ஆரம்பித்தது. போயிட்டு வாங்க என்று சொல்லியிருந்தால் என்ன? கட்டின புருஷனை, போங்க என்று விரட்டிவிட்டேனே? கோயிலில் விளக்குப் போடும்போது அரித்தது, சோற்றில் கை வைக்கும்போது அரித்தது. ஆவுடைகூட, "விடு மைனி, நீ சொன்னாலும் சொல்லாட்டாலும் போறவுக போகத்தான் செய்வாவ" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அவள் சொன்னதும் உதவவில்லை.

படம் ஊருக்கு வந்தபோது பகல் காட்சிக்குக் கூட்டம் அதிகமில்லை. செல்வி பிள்ளையை ஆவுடையிடம் விட்டுவிட்டு உலகம்மாளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். உலகம்மாள் கதையைக் கவனிக்கவில்லை. எப்போது வரும், எப்போது வரும் என்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள். பெண்ணின் முதுகு வந்தது. ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். வசனமே வேண்டாம் என்று சேந்தன் முடிவு பண்ணியிருந்தார். வாசல் கதவு சாத்துகிற சத்தம். அப்புறம் திரை நிறைய குத்தாலிங்கத்தின் முகம்.

ஒரு நொடி அந்த முகம் சும்மா இருந்தது. பிறகு ஏதோ காதில் விழுந்ததுபோல் இமை அசைந்தது, உதட்டோரம் ஒதுங்கியது, கண் சின்னதாகியது. மனுஷன் சிரித்தார்.

பின் வரிசையில் ஒருவன், "மக வீட்ட விட்டுப் போறா, இந்தாளு எதுக்குல சிரிக்காரு?" என்று பக்கத்தில் கேட்டான்.

உலகம்மாளுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். கல்யாணமான புதுசில், கூடத்தில் மாமியார் நாத்தனார் எல்லாரும் இருக்கும்போதே அவர் அடுக்களைப் பக்கம் வந்து காதோடு எதையாவது கேட்பார். அவள் கரண்டியை ஓங்கிக்கொண்டு, "போங்க" என்பாள். அப்போது சிரிக்கிற சிரிப்பு அது. அவள் எதைச் சொல்லி அனுப்பினாளோ அது அவர் காதில் விழவே இல்லை. அவருக்கு விழுந்தது அந்தப் பழைய போங்கதான்.

அத்தனை வருஷத்துக்கு அப்பால் இருந்து அந்த வெட்கம் இருட்டுக்குள் வந்து அவள் முகத்தில் ஏறியது. பக்கத்தில் செல்வி இருக்கிறாளே என்று தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த தலையை அவள் நிமிர்த்துவதற்குள் திரையில் அடுத்த காட்சி வந்துவிட்டது.